ஷியர் பின்னா, டார்க் லிமிட்டரா, ரிலேயா? மலைத் தொழிற்சாலையின் கியர்பாக்ஸுக்கு எது பொருந்தும்

குன்னூர், கோத்தகிரி, மஞ்சூர் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலைகளில் பராமரிப்பைக் கவனிப்பவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். இலையை நசுக்கி அரைக்கும் ரோட்டர்வேனிலோ இலை கன்வேயரிலோ ஏதோ சிக்கி கியர்பாக்ஸின் பல் போய்விட்டது. புதிதாக மாட்டும்போதே பாதுகாப்பையும் சேர்த்துப் போட்டுவிடலாம் என்று நினைக்கிறார்கள். கோவையில் ஒரு சப்ளையர் "ஷியர் பின் போதும்" என்கிறார், சுமை மீறினால் தானே அறுந்துபோகும் பின் அது. இன்னொருவர் டார்க் லிமிட்டர், அதாவது முறுக்குவிசை எல்லை மீறினால் விட்டுவிடும் சாதனத்தின் கொட்டேஷனை நீட்டுகிறார். எலக்ட்ரீஷியனோ, "பேனல்லதான் ஓவர்லோடு ரிலே இருக்கே சார், அது பாத்துக்கும்" என்று முடித்துவிடுகிறார். எதை எடுப்பது?

எலக்ட்ரீஷியன் சொன்னதை முதலிலேயே தீர்த்துவிடலாம். பேனலில் இருக்கும் தெர்மல் ரிலே மோட்டாரின் சுருளைக் காப்பாற்றத்தான் வைக்கப்பட்டிருக்கிறது. கிளாஸ் 10 ரிலே ஒன்றில் செட் செய்த அளவைப்போல் ஒன்றரை மடங்கு கரண்ட் ஓடினால், அது விழுவதற்கு, அதாவது மின்சாரத்தைத் துண்டிப்பதற்கு, நான்கு நிமிடம்வரை ஆகலாம். மோட்டார் அப்படியே நின்றுபோய் ஏழு மடங்கு இழுத்தால்கூட நான்கிலிருந்து பத்து நொடி எடுத்துக்கொள்ளும். மோட்டார் சூடேற அவ்வளவு நேரம் ஆகும் என்பதால் அது சரியான கணக்குதான். கியர் பல் உடைய அவ்வளவு நேரம் தேவையில்லை. ரிலே இருக்கட்டும், ஆனால் அதை கியர்பாக்ஸ் பாதுகாப்புக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

## எந்த ஓவர்லோடு?

எல்லா ஓவர்லோடும் ஒன்றல்ல. இதைப் பிரித்துப் பார்க்காமல் சாதனம் வாங்கினால் பணம் போகும், பல்லும் போகும்.

ஒன்று, திடீர் அடைப்பு. பல விவசாயிகளிடமிருந்து வாங்கும் பச்சை இலையில் கல் வரும், கவாத்துக் கத்தரியின் உடைந்த நுனி வரும், போல்ட் வரும், சாக்குக் கயிறு வரும். இரும்பைக் காந்தம் பிடிக்கும். கல்லைப் பிடிக்காது.

இரண்டு, மெல்ல ஏறும் சுமை. மழைக்காலத்தில் சரியாக வாடாத ஈர இலையைத் திணிப்பது, பேரிங் தேய்வது, கன்வேயர் பெல்ட் ஒருபக்கம் இழுத்து உரசுவது எல்லாம் இதில் சேரும்.

மூன்று, ஸ்டார்ட் செய்யும்போது வரும் சுமை. ஜனவரிக் காலையில் கியர் ஆயில் தேன் பதத்தில் கிடக்கும். முந்தைய ஷிஃப்ட் நின்ற இலை உள்ளே இறுகியிருக்கும். அந்த நிலையில் மோட்டாரை நேரடியாக லைனில் போட்டால் முதல் அடி கியர்பாக்ஸுக்குத்தான்.

ஒரு கணக்கைப் போட்டு வைத்துக்கொள்வோம், கட்டுரை முழுக்க இதுவே உதவும். 15 கிலோவாட், அதாவது 20 குதிரைத்திறன் மோட்டார், நிமிடத்துக்கு 1440 சுற்று. முறுக்குவிசை என்பது 9550 பெருக்கல் கிலோவாட், வகுத்தல் சுற்று. மோட்டார் தண்டில் சுமார் 100 நியூட்டன் மீட்டர் வரும். 40-க்கு 1 ஹெலிகல் (சாய்ந்த பல் கொண்ட) கியர்பாக்ஸ் போட்டால் வெளித்தண்டு 36 சுற்று ஓடும். இழப்பாக ஐந்து சதவீதத்தைக் கழித்தால் அங்கே முறுக்குவிசை சுமார் 3,780. இது சாதாரண முழுச்சுமை. இண்டக்‌ஷன் மோட்டார் நின்றுபோவதற்கு முன் தன் மதிப்பைப்போல் இரண்டு முதல் மூன்று மடங்குவரை தள்ளும். இரண்டரை என்று வைத்தால் வெளித்தண்டில் 9,450.

அதோடு கதை முடியவில்லை. சுற்றிக்கொண்டிருக்கும் மோட்டார் ரோட்டரில் தேங்கிய ஆற்றல் தனி. இந்த அளவு மோட்டாரில் அது சுமார் ஆயிரம் ஜூல். ஐம்பது கிலோ தேயிலைச் சாக்கு ஒன்றை இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து கியர் பல்லின் மேல் போட்ட மாதிரி. வெளித்தண்டு சட்டென்று நின்றால் அந்த ஆற்றல் முழுவதும் பல்லிலும், சக்கரத்தைத் தண்டோடு பூட்டும் சாவியிலும், தண்டிலும்தான் இறங்க வேண்டும். கரண்டை நிறுத்தினாலும் இது நிற்காது.

## எதை வைத்து எடை போடுவது

விலை கடைசியில் வரட்டும். மலையில் ஒரு தொழிற்சாலை நடத்துபவர் முதலில் கேட்க வேண்டியவை வேறு.

எவ்வளவு விரைவாக விடுவிக்கிறது? 36 சுற்று என்றால் நொடிக்கு 216 பாகை. கல் சிக்கினால் ஐந்தாறு பாகைக்குள் எல்லாம் முடிந்துவிடும், அதாவது நொடியில் நாற்பதில் ஒரு பங்கு.

எவ்வளவு அடிக்கடி விழும், விழுந்தால் இரவு இரண்டு மணிக்கு யார் திரும்ப மாட்டுவார்? என் கணக்கில் இதுதான் முதல் அளவுகோல். வெட்டிய இலை காத்திருக்காது. நொதிப்புக்கு ஒரு மணி நேரம், மிஞ்சினால் ஒன்றரை. லைன் நடுவில் நின்றால் அதில் இருக்கும் தூள் தரம் இறங்கும், பின்னால் தொட்டியில் இருக்கும் இலை சூடேறும். அந்த அவசரத்தில் எடுக்கும் முடிவுதான் கியர்பாக்ஸின் ஆயுளைத் தீர்மானிக்கிறது.

செட் செய்த அளவு மாறாமல் நிற்கிறதா? பனி, ஈரம், தேயிலைப் பஞ்சு மூன்றும் சேர்ந்த இடம் நம்முடையது. கேட்டலாக்கில் போட்டிருக்கும் துல்லியம் காய்ந்த அறையில் அளந்தது.

உதிரி எங்கிருந்து வரும்? மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்தால் கோவை சட்டென்று தூரமாகிவிடும். பருவமழையில் இது புதிதல்ல.

உணவுப் பொருளுக்கு ஆபத்து உண்டா? உடைந்த துண்டு, தெறித்த எண்ணெய், உராய்வுத் தூள் எதுவும் இலையில் விழக்கூடாது.

## ஷியர் பின்

பலவீனமான ஒரு பின்னை வேண்டுமென்றே நடுவில் வைப்பது. அளவு மீறினால் அது அறுந்துபோகும், கியர்பாக்ஸ் பிழைக்கும். எளிமைக்கும் விரைவுக்கும் இதை அடித்துக்கொள்ள ஆளில்லை. பின்னின் விலை சில பத்து ரூபாய். பின் உட்காரும் ஹப்பை உள்ளூர் லேத்திலேயே கடைந்துகொள்ளலாம்.

நம் எடுத்துக்காட்டில் முழுச்சுமையின் 1.7 மடங்கில் அறுக்க வேண்டும் என்று வைப்போம். 120 மில்லிமீட்டர் ஆரத்தில் 12 மில்லிமீட்டர் பின் இரண்டு. ஒவ்வொன்றின் பரப்பு 113 சதுர மில்லிமீட்டர். 4.6 கிரேடு எஃகின் இழுவலிமை 400 மெகாபாஸ்கல், வெட்டுவலிமை அதில் சுமார் 60 சதவீதம் என்றால் 240. பெருக்கிப் பார்த்தால் 6,500 நியூட்டன் மீட்டர் வருகிறது. பொருத்தமாகத்தான் இருக்கிறது.

இப்போது இரவு ஷிஃப்டில் பின் அறுகிறது. "அண்ணே, கொழுந்து சூடாகுது, எதையாவது போட்டு ஓட்டுங்க" என்று டீமேக்கர் நிற்கிறார். பெட்டியில் பின் இல்லை, 12 மில்லிமீட்டர் ஹைடென்சில் போல்ட் இருக்கிறது. ஃபிட்டர் அதை வெட்டிப் போடுகிறார். 8.8 கிரேடுக்கு இழுவலிமை 800, எனவே அறுக்கும் அளவு இரட்டிப்பாகி 13,000-ஐத் தொடுகிறது. மோட்டாரால் அதிகபட்சம் தள்ள முடிந்ததே 9,450. இனி அந்தப் பின் மோட்டாரின் பலத்தால் அறுகவே அறுகாது. வெளியே பார்த்தால் ஷியர் பின் ஹப் அழகாக இருக்கும், உள்ளே பாதுகாப்பு என்று ஒன்று இல்லை. அடுத்த கல்லுக்கு அறுவது பல்தான்.

இதில் ஃபிட்டரைக் குறை சொல்லிப் பயனில்லை. சரியான பின் கைக்கெட்டும் தூரத்தில் இல்லை என்பதுதான் குறை. மெஷின் பக்கத்திலேயே ஒரு டப்பாவில், ஒரே கம்பியிலிருந்து கடைந்த பின்கள், தலையில் நிறம் அடித்து வைத்திருக்க வேண்டும். அந்த டப்பா காலியாகும் முன் ஸ்டோர்ஸ் நிரப்ப வேண்டும். இதற்கு ஆள் பொறுப்பு வைக்க முடியாத இடத்தில் ஷியர் பின் போடாதீர்கள்.

இன்னொரு நுணுக்கம். 4.6 கிரேடுக்கு 400 என்பது குறைந்தபட்சம். கடையில் கிடைக்கும் கம்பி 480 தாங்கினாலும் அது தரச்சான்றில் தேறிவிடும். மற்ற வேலைகளுக்கு அது நல்லது, ஷியர் பின்னுக்குக் கெட்டது. ஆகவே கம்பி வாங்கியதும் அந்த லாட்டிலிருந்து ஒரு துண்டைக் கோவையில் பரிசோதனைக்கூடத்தில் இழுத்துப் பார்த்து, விட்டத்தைக் கணக்கிட்டுக் கடையுங்கள். மரை போட்ட போல்ட் வேண்டாம். அறுபடும் தளத்தில் மரை வந்தால் 12 மில்லிமீட்டர் போல்ட்டின் பரப்பு 84 ஆகச் சுருங்கிவிடும். மரை எங்கே வந்து நிற்கிறது என்பதைப் பொறுத்து அளவு கால் பங்கு மாறும் என்றால் அதற்குப் பெயர் பாதுகாப்பு இல்லை.

அறுந்த பின்னைத் தூக்கி எறியாமல் டார்ச் வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். முகம் முழுக்க ஒரே திசையில் இழுத்த மாதிரி மழமழவென்று இருந்தால் உண்மையான ஓவர்லோடு, எதுவோ சிக்கியிருக்கிறது. ஓரத்திலிருந்து பிறைபிறையாக வளையங்கள் உள்ளே நகர்ந்து, மிச்சம் மட்டும் சொரசொரப்பாக இருந்தால் அது களைத்து அறுந்த பின். ஒவ்வொரு ஸ்டார்ட்டுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக விரிசல் ஓடியிருக்கிறது. ஹப்பின் துளை தேய்ந்து பின் ஆடினால் இது இன்னும் விரைவாக நடக்கும். கடினப்படுத்திய புஷ் போட்டு, தேய்ந்ததும் மாற்ற வேண்டும். களைப்பால் அறுகும் பின்னைப் பார்த்து "பின் பலம் பத்தல" என்று தடிப்பான பின் போடுவதுதான் நான் அதிகம் காணும் தவறு.

மறைந்திருக்கும் செலவு இன்னும் இரண்டு உண்டு. பின் அறுந்த பிறகு ஹப் தண்டின்மேல் தனியாகச் சுழல வேண்டும். வருடக்கணக்கில் சுழலாத ஹப், ஈரமும் தேயிலைத் தூளும் சேர்ந்து தண்டோடு இறுகிவிடும். பின் அறுந்தும் தண்டு இழுத்துக்கொண்டே போகும். கிரீஸ் நிப்பிள் வைத்து, மாதம் ஒருமுறை பின்னைக் கழற்றி ஹப்பைக் கையால் சுற்றிப் பாருங்கள். மற்றொன்று, துண்டுகள் இலையில் விழாதபடி மூடி. மின்னைத் துண்டித்துப் பூட்டாமல் யாரும் அந்த மூடியைத் திறக்கக்கூடாது. சுழலும் பாகங்களுக்கு வேலி என்பது 2025 நவம்பர்வரை நடப்பில் இருந்த தொழிற்சாலைகள் சட்டம் 1948-இன் 21-ஆம் பிரிவே கேட்டதுதான்.

எங்கே பொருந்தும்: வருடத்துக்கு ஒன்றிரண்டு முறைதான் சிக்கும் என்ற மெஷின், எட்டிப்பிடிக்கச் சுலபமான இடம், ஸ்டார்ட் குறைவு. நாளுக்குப் பலமுறை நின்று ஓடும் மெஷினுக்கு வேண்டாம்.

## உராய்வு வகை லிமிட்டர்

ஸ்பிரிங் வாஷர் அழுத்தத்தில் இரண்டு உராய்வுத் தகடுகள் ஒரு ஸ்ப்ராக்கெட்டைப் பிடித்திருக்கும். அளவு மீறினால் நழுவும், சுமை இறங்கினால் தானாகப் பிடித்துக்கொள்ளும். யாரும் எதையும் மாற்ற வேண்டாம். கேட்க நன்றாக இருக்கிறது, விலையும் நடுத்தரம்.

நழுவும்போது என்ன ஆகிறது என்று பாருங்கள். மோட்டாரின் பலம் முழுவதும் அந்தத் தகட்டில் சூடாக மாறுகிறது. ஒன்றரை மடங்கில் செட் செய்திருந்தால் 22 கிலோவாட் ஹீட்டர் ஒன்றை மூடிக்குள் வைத்த மாதிரிதான் கணக்கு. சில நொடிகளில் லைனிங் கண்ணாடிபோல் மினுங்கத் தொடங்கும், அதற்குப் பிறகு பழைய அளவில் பிடிக்காது. சுற்றிலும் தேயிலைப் பஞ்சு படிந்திருந்தால் தீப்பிடிக்கும் ஆபத்தும் சேரும். எனவே நழுவலைக் கண்டுபிடித்து மோட்டாரை நிறுத்தும் சென்சார் கட்டாயம். அது கொட்டேஷனில் பெரும்பாலும் இருக்காது, தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

மலைக்கே உரிய தொல்லை ஒன்று. இலை வரத்துக் குறைந்த மாதங்களில் மெஷின் நாள்கணக்கில் நின்றால் தகடு துருவோடு ஒட்டிக்கொள்ளும். முதல் அடைப்பில் செட் செய்த அளவைவிட அதிகமாக ஏறிய பிறகே நழுவும். மாறாக ஓர் எண்ணெய்ச் சொட்டு விழுந்தால் சும்மா ஓடும்போதே நழுவும். ஃபிட்டர் என்ன செய்வார்? நட்டை இன்னும் அரைச் சுற்று இறுக்குவார். இரண்டு சீசனில் எந்த அளவில் செட் செய்திருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது.

காய்ந்த இடத்தில், சின்னச் சின்ன ஓவர்லோடு அடிக்கடி வந்து தானே தீரும் வேலைக்கு இது நல்ல சாதனம். டிரையர் முடிந்து சார்ட்டிங் அறையில் இருக்கும் கன்வேயருக்குப் போடலாம். இலை அறைக்கு நான் பரிந்துரைப்பதில்லை.

## பால் (குண்டு) லிமிட்டர்

ஸ்பிரிங் அழுத்தத்தில் குண்டுகள் குழிகளில் உட்கார்ந்திருக்கும். அளவு மீறினால் குழியைவிட்டு ஏறிவிடும், இரு பக்கமும் பிரியும். கூடவே ஒரு தகடு நகர்ந்து லிமிட் சுவிட்சைத் தட்டி மோட்டாரை நிறுத்தும். விடுவிப்பது மில்லிநொடிகளில். உராய்வை நம்பாததால் ஈரமும் எண்ணெயும் அளவை அதிகம் மாற்றாது. சீல் வைத்த மாடல் எடுத்தால் பஞ்சும் உள்ளே போகாது. சிக்கியதை எடுத்து, மெதுவாகச் சுற்றி மீண்டும் பூட்டினால் ஐந்து நிமிடத்தில் லைன் ஓடும். பெட்டியில் பின் தேட வேண்டாம்.

விலைதான் கசக்கும். மோட்டார் பக்கம் 100, 150 நியூட்டன் மீட்டருக்கு எடுத்தால் ஐந்து இலக்கத்தில் முடிக்கலாம். வெளித்தண்டில் 6,500-க்குக் கேட்டால் லட்சத்தைத் தாண்டும், உருவமும் பெருக்கும். ஸ்ப்ராக்கெட் தண்டின் நுனியை நோக்கித் தள்ளிப்போகும், கியர்பாக்ஸின் வெளி பேரிங்குக்கு வளைசுமை கூடும். கியர்பாக்ஸ் கேட்டலாக்கில் தொங்கு சுமை எவ்வளவு அனுமதி என்று பார்க்காமல் ஆர்டர் கொடுத்தால், பல்லைக் காப்பாற்றப் போய் பேரிங்கைத் தொலைப்போம்.

மோட்டார் பக்கம் போடும்போது ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். விழுந்ததும் முழுவதுமாகப் பிரிந்து நிற்கும் வகை வேண்டும். தானாகத் திரும்பப் பூட்டும் வகையை 1440 சுற்றில் போட்டால், மோட்டார் நிற்கும்வரை குண்டுகள் குழிகளில் படபடவென்று அடித்துக்கொண்டே இருக்கும். ஒன்றிரண்டு முறைக்குப் பிறகு குழியின் விளிம்பு மழுங்கி அளவு இறங்கிவிடும்.

ரோட்டர்வேன் மாதிரி அடிக்கடி சிக்கும், நின்றால் லைன் முழுக்க நிற்கும் மெஷினுக்கு இதைத்தான் சொல்வேன். ஒரு கியர்பாக்ஸ் மாற்றும் செலவோடு, அதைக் கோவையிலிருந்து ஏற்றி வரும்வரை மூடிக்கிடக்கும் லைனையும் சேர்த்துப் பாருங்கள், விலை அவ்வளவு கசக்காது.

## ஃப்ளூயிட் கப்ளிங்

எண்ணெயின் வழியாகச் சுற்றலைக் கடத்தும் கப்ளிங். மோட்டார் சுமையில்லாமல் எழும்பி, பிறகு மெல்ல இழுக்கும். ஸ்டார்ட் அடி போய்விடும். லைன் மின்னழுத்தம் விழும் இடங்களில் இது பெரிய நிம்மதி. 415 வோல்ட் 350 ஆகக் குறைந்தால் மோட்டாரின் முறுக்குவிசை 71 சதவீதத்துக்கு இறங்கும், ஏனென்றால் அது வோல்ட்டின் இருபடிக்கு ஏற்ப மாறுவது. அந்த நேரத்தில் சுமையோடு எழும்பவே திணறும் மோட்டார், கப்ளிங் இருந்தால் எழும்பிவிடும்.

ஆனால் ஓடும்போதே இரண்டு முதல் நான்கு சதவீதம் நழுவல் இழப்பு உண்டு, மின் கட்டணத்தில் அது மாதாமாதம் தெரியும். நீண்ட நேரம் அடைத்து நின்றால் சூடேறி, உருகு பிளக் உருகி எண்ணெய் வெளியே கொட்டும். அதுதான் அதன் பாதுகாப்பு முறை. இலை ஓடும் லைனுக்குப் பக்கத்தில் அப்படி நடந்தால் அந்தத் தொகுதியையே தள்ளிவிட வேண்டியதுதான். பெரிய மோட்டார், கனமான சுமை, இலையிலிருந்து விலகிய இடம் என்றால் யோசிக்கலாம். ஐந்து, பத்து குதிரைத்திறனுக்குத் தேவையில்லை.

## மின்னணு லோடு மானிட்டரும் டிரைவும்

மோட்டார் இழுக்கும் மின்சாரத்தை அளந்து, வைத்த எல்லையைத் தாண்டினால் அரை நொடிக்குள் நிறுத்தும் சின்னப் பெட்டி. பேனலில் ஒரு மூலையில் உட்கார்ந்துவிடும். மெக்கானிக்கல் வேலை எதுவும் இல்லை, ரீசெட் ஒரு பட்டன்.

வாங்கும்போது ஆம்பியரை அளப்பதா, கிலோவாட்டை அளப்பதா என்று கேளுங்கள். மோட்டார் பாதிச் சுமையில் ஓடும்போது கரண்ட் பாதியாகக் குறையாது, எனவே சுமை ஏறுவதும் இறங்குவதும் ஆம்பியரில் தெளிவாகத் தெரியாது. அதோடு வோல்ட் விழுந்தால் அதே சுமைக்குக் கரண்ட் கூடும், ஆம்பியர் வகை வீணாக விழும். நாலு தடவை வீணாக விழுந்தால் எல்லையை உயர்த்திவிடுவார்கள். கிலோவாட் வகை இதில் நிதானமானது, கொஞ்சம் கூடுதல் விலைக்குத் தகும்.

மெல்ல ஏறும் சுமைக்கு இதைவிட நல்லது கிடையாது. ஈர இலை திணிப்பையும் பேரிங் தேய்வையும் முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும். ஆனால் திடீர் அடைப்புக்கு? 0.3 நொடியில் விழுகிறது என்று வைத்தாலும் வெளித்தண்டு அதற்குள் 65 பாகை போயிருக்க வேண்டும். கல் ஐந்து பாகையிலேயே நிறுத்திவிட்டது. ரோட்டரின் ஆயிரம் ஜூல் எப்போதோ பல்லில் இறங்கிவிட்டது. மானிட்டர் விழும்போது காப்பாற்ற மிஞ்சியிருப்பது மோட்டார் மட்டும்தான்.

மோட்டாரின் வேகத்தை மின்னணு முறையில் மாற்றும் டிரைவ் வைத்தால் முறுக்குவிசை எல்லை, மென்மையான ஸ்டார்ட், வேகக் கட்டுப்பாடு எல்லாம் கிடைக்கும். சிக்கிய கன்வேயரைக் கொஞ்சம் பின்னால் ஓட்டி விடுவிக்கவும் முடியும். ரோட்டர் ஆற்றல் விஷயத்தில் அதுவும் கைவிரிக்கத்தான் செய்யும். ஆயிரம் மீட்டருக்கு மேல் காற்று மெலிவதால் டிரைவும் மோட்டாரும் சூடு தணிவது குறையும். பல டிரைவுகளுக்கு 100 மீட்டருக்கு ஒரு சதவீதம் குறைத்துக் கணக்கிடச் சொல்வார்கள். சுமார் 1,850 மீட்டரில் இருக்கும் குன்னூருக்கு அது எட்டு, ஒன்பது சதவீதம், அதாவது சில இடங்களில் ஒரு சைஸ் பெரிதாக. பனிக்காலத்தில் பேனலுக்குள் நீர் கோக்காமல் சின்ன ஹீட்டர் ஒன்றும் வேண்டும்.

தண்டின்மேல் நேராக ஏறி உட்காரும் கியர்பாக்ஸாக இருந்தால் இன்னொரு மலிவு வழி உண்டு. அதைச் சுற்றவிடாமல் பிடித்திருக்கும் டார்க் ஆர்மில் ஸ்பிரிங் கட்டு வைத்து, சுமை ஏறி ஸ்பிரிங் அமுங்கினால் ஒரு லிமிட் சுவிட்ச் தட்டும்படி அமைப்பது. உள்ளூர் ஒர்க்‌ஷாப்பிலேயே செய்யலாம். ஸ்பிரிங் கொஞ்சம் அதிர்வையும் வாங்கிக்கொள்ளும். கன்வேயருக்குப் போதும்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| | திடீர் அடைப்பு | மெல்ல ஏறும் சுமை | திரும்ப ஓட்ட | முதல் செலவு | மறைந்த செலவு |
|---|---|---|---|---|---|
| ஷியர் பின் | நன்று | மோசம், களைத்து அறுகும் | பின் மாற்ற வேண்டும் | மிகக் குறைவு | தவறான போல்ட், இறுகும் ஹப் |
| உராய்வு லிமிட்டர் | பரவாயில்லை | பரவாயில்லை, சூடேறும் | தானாக | நடுத்தரம் | சென்சார், லைனிங், ஈரம் |
| பால் லிமிட்டர் | மிக நன்று | நன்று | சில நிமிடம் | அதிகம் | தொங்கு சுமை, பெரிய உருவம் |
| ஃப்ளூயிட் கப்ளிங் | பாதி | நன்று | ஆறிய பிறகு | அதிகம் | மின் இழப்பு, எண்ணெய் சிந்தல் |
| கிலோவாட் மானிட்டர் | போதாது | மிக நன்று | ஒரு பட்டன் | குறைவு | எல்லையை உயர்த்திவிடும் ஆசை |

வி-பெல்ட்டைப் பட்டியலில் சேர்க்கவில்லை. "பெல்ட் நழுவும், அதுவே பாதுகாப்பு" என்று சொல்பவர்கள் உண்டு. புது பெல்ட் ஓர் அளவில் நழுவும், தளர்ந்த பெல்ட் வேறு அளவில் நழுவும், ஈரமான பெல்ட் இன்னோர் அளவில். செட் செய்ய முடியாத ஒன்றைப் பாதுகாப்பு என்று எண்ணி உட்கார்ந்திருக்க முடியாது.

## எங்கே மாட்டுவது

மோட்டார் பக்கம் மாட்டினால் சாதனம் சிறியது, மலிவு, ரோட்டரின் ஆற்றலையும் கழற்றிவிடும். ஹெலிகல் கியர்பாக்ஸுக்கு இதுவே போதும். திருகு மாதிரித் தண்டு வெண்கலச் சக்கரத்தைச் சுற்றும் வார்ம் கியர்பாக்ஸ் என்றால் கதை வேறு. அதன் திறன் குளிரில் ஒன்று, சூடான பிறகு ஒன்று. காலையில் 50 சதவீதத்தில் எழும்பும் பெட்டி, ஓடிச் சூடேறியபின் 70-க்குப் போகலாம். காலை ஸ்டார்ட்டில் விழாதபடி மோட்டார் பக்கத்தில் செட் செய்தால், மதியம் அதே செட்டிங் வெளித்தண்டில் நாற்பது சதவீதம் கூடுதலாக விட்டுவிடும். வெண்கலச் சக்கரம் அதைத் தாங்காது. ஆயில் வடிக்கும்போது அடியில் பொன் தூள் மாதிரி மினுங்கினால் அது சக்கரம்தான் கரைந்து வருகிறது. வார்முக்கு வெளித்தண்டில் மாட்டுங்கள்.

சாய்வாக ஏறும் கன்வேயர், பக்கெட் எலிவேட்டர் இவற்றில் ஒரு கண்ணி இருக்கிறது. பின்னோ லிமிட்டரோ விட்டுவிட்டால் சுமைக்கும் கியர்பாக்ஸுக்கும் தொடர்பு அறுந்துவிடும், ஏற்றிய இலையோடு பெல்ட் தடதடவென்று பின்னால் ஓடும். வார்மின் தன்பூட்டை (சுமை பின்னால் தள்ளினாலும் சுழலாத தன்மையை) நம்பினாலும் பயனில்லை, அது அறுந்த இடத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. பின்னோட்டத் தடுப்பு லிமிட்டருக்குச் சுமைப் பக்கம், மேல்முனையில் இருக்கும் ஹெட் தண்டிலேயே இருக்க வேண்டும்.

## மெஷினுக்கு மெஷின்

ரோட்டர்வேனுக்கு ஹெலிகல் பெட்டியாக இருந்தால் மோட்டார் பக்கம் முழுதும் பிரியும் பால் லிமிட்டர், பேனலில் கிலோவாட் மானிட்டர். இரண்டும் சேர்ந்தால்தான் கல்லுக்கும் ஈர இலைக்கும் பதில் கிடைக்கும். ஒன்றுக்குத்தான் இப்போது காசு என்றால் லிமிட்டரை முதலில் வாங்குங்கள். அதுவும் இப்போதைக்கு முடியாது என்றால் வெளித்தண்டில் ஷியர் பின், நிறம் அடித்த டப்பாவோடு.

தட்டையான இலை கன்வேயருக்குக் கிலோவாட் மானிட்டரோ டார்க் ஆர்ம் சுவிட்சோ போதும். ஏறும் கன்வேயருக்கும் எலிவேட்டருக்கும் வெளித்தண்டில் ஷியர் பின், கூடவே ஹெட் தண்டில் பின்னோட்டத் தடுப்பு. இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டும் சி.டி.சி. மெஷினில் வேகமான ரோலர் 700 சுற்றும் மெதுவானது 70-உம் ஓடும்போது கல் விழுந்தால் கியருக்கு முன் ரோலரின் பல்லே போய்விடும். அங்கே பணத்தை நல்ல காந்தத்திலும் இலைச் சல்லடையிலும் போடுவதுதான் புத்தி. டிரையரின் டிரே சங்கிலி மெதுவாக ஓடும், அதில் ஷியர் பின் காலங்காலமாக நன்றாகவே வேலை செய்கிறது, மாற்ற ஒன்றுமில்லை.

எந்த அளவில் செட் செய்வது என்ற கேள்விக்கு கியர்பாக்ஸ் கேட்டலாக்கிலிருந்து தொடங்குங்கள், மோட்டாரின் தகட்டிலிருந்து அல்ல. பல பெட்டிகள் கணநேரத்துக்குத் தம் மதிப்பில் இரு மடங்கு தாங்கும்படி செய்யப்பட்டவை. உங்களுடையது எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். அதற்குக் கீழும், ஓடும்போது உண்மையில் எட்டும் உச்சத்துக்கு மேலும் இருக்கும் இடைவெளியில்தான் செட்டிங் உட்கார வேண்டும். இடைவெளியே இல்லை என்றால் கியர்பாக்ஸ் சிறிதாகப் போய்விட்டது, எந்த லிமிட்டரும் அதைச் சரிசெய்யாது.

ஆர்டர் கொடுக்கும்போது நான்கு விஷயம் கேளுங்கள்: விழும் அளவு எத்தனை சதவீதம் இப்படியும் அப்படியும் மாறும், விழுந்தபின் மோட்டாரை நிறுத்தும் சுவிட்ச் விலையில் அடக்கமா, சீல் உண்டா, ஸ்பிரிங்கோ குண்டோ தனியாக வாங்க முடியுமா. வந்த பிறகு செட்டிங் நட்டின் இடத்தைப் பெயின்ட் கோடு போட்டுக் குறித்து, மதிப்பை மெஷினிலேயே தகடு அடித்து வையுங்கள். இலை குறைந்த ஜனவரி, பிப்ரவரியில் ஒருநாள் ஒதுக்கி, வெளித்தண்டைக் கட்டிப்பிடித்து, மோட்டார் பக்கம் நெம்புகோலும் ஸ்பிரிங் தராசும் வைத்து இழுத்து எந்த அளவில் விழுகிறது என்று பார்த்து, அந்தத் தகட்டில் தேதியோடு எழுதிவிடலாம்.